நிலவைக் கேட்பவளின் கன்னம்

மன்றத்துக்கு ஓவியங்கள் மேல் அளவு கடந்த பாசம். அந்தப் பாசத்தில்தான் மாதத்துக்கு எட்டு ஒன்பது ஓவியங்களைக் கொன்றது.

கொன்றது என்பது நம் பேச்சு. மன்றத்தின் பேச்சில் அதற்குப் பெயர் விடுவித்தல். மாதத்தின் முதல் சனிக்கிழமை காலை பத்து மணிக்கு, நடுக்கூடத்தில் ஒரு கனத்த பலகை மேல் ஓவியத்தைக் கிடத்துவார்கள். வெள்ளைக் கையுறை போட்ட ஒருவர் நான்கு மூலைகளையும் நீவிவிடுவார். செயலர் கைக்கடிகாரத்தைப் பார்த்து இரண்டு நிமிட மௌனம் என்பார். மௌனம் முடிந்ததும் உளியர் என்ற பதவியில் இருப்பவர் வந்து, படத்தில் இருக்கும் முகத்தின் மேல் உளியை நிறுத்தி, சுத்தியலால் மூன்று முறை அடிப்பார். கண்ணுக்கு ஒன்று, வாய்க்கு ஒன்று, நெற்றிக்கு ஒன்று. பிறகு எல்லோரும் பிஸ்கட்டோடு தேநீர் குடிப்பார்கள்.

எல்லாம் ஒரே ஓவியரின் படங்கள். குறியீட்டு ஓவியர் என்று புத்தகங்களில் பெரிய பெயர் வாங்கியவர். அவர் படத்தில் இருக்கும் மனிதர், தேவதை, குதிரை, பாம்பு யாரும் கண் திறந்திருக்கமாட்டார்கள் என்பதால் ஜனங்கள் கண்மூடி ஓவியர் என்றார்கள். மன்றத்தார் ஆசான் என்றார்கள். ஆசான் கல்லின் மேல் வரைந்து, மை தடவி, ஒரு கல்லுக்கு அறுபது பிரதி என்று காகிதத்தில் அச்செடுப்பார். ஒவ்வொன்றின் ஓரத்திலும் பென்சிலால் வரிசை எண் போடுவார். அந்த அச்சுப்படங்களைத்தான் உலகம் முழுக்கச் சேகரிக்கிறார்கள். எது அசல், எது போலி என்று சொல்வதற்குத்தான் மன்றம். ஆசான் செத்து நாற்பது வருஷம் கழித்து, இனி எழுந்து வந்து எதிர்ப்பேச்சு பேசமாட்டார் என்பது உறுதியான பிறகு, அதைத் தொடங்கினார்கள்.

இந்த மன்றத்துக்குள் போய்ச் சிக்கியவளை எல்லோரும் கட்டுக்காரி என்பார்கள். அரசு ஆஸ்பத்திரியின் பின்கட்டில், சலவைக்கூடத்துக்குப் பக்கத்து அறையில், எலும்பு உடைந்து வருகிறவர்களுக்கு மாவுக்கட்டு போடுவது அவள் வேலை. பதினான்கு வருஷமாக ஒரு வாளித் தண்ணீர், ஒரு குவியல் மாவுத்துணிச் சுருள், பழைய கட்டை அறுக்க ஒரு சின்ன ரம்பம், ஒரு பதிவேடு. பதிவேட்டில் ‘எப்படி நேர்ந்தது’ என்று ஒரு கட்டம் இருக்கும். ஆண்கள் சாரத்திலிருந்து விழுந்தேன், வண்டியிலிருந்து விழுந்தேன், தண்ணி போட்டுவிட்டு விழுந்தேன் என்று விதவிதமாகச் சொல்வார்கள். பெண்கள் சொல்வது ஒன்றுதான். வழுக்கி விழுந்தேன். அந்தப் பதிவேட்டை நம்பினால் அந்த ஊரில் பெண்கள் நடக்கவே கூடாது.

அவளுடைய அக்காவும் வழுக்கித்தான் விழுந்தாள். ஒன்பது வருஷத்துக்கு முன்னால், வலது கை, விலா, கன்னம், கடைசியில் மண்டை என்று பல தவணைகளில் வழுக்கினாள். கடைசித் தவணையில் கட்டறைக்கு வராமல் நேரே பிணவறைக்குப் போய்விட்டாள். அந்தப் பதிவேட்டிலும் குளியலறை ஈரம் என்று எழுதியிருந்தது. போலீஸ் ஏட்டிலும் ஈரம். கல்யாண ஆல்பத்தில் அக்கா எல்லாப் பக்கத்திலும் சிரித்துக்கொண்டிருந்தாள்.

அதற்கு இரண்டு வருஷம் கழித்து, நடைபாதைப் பழைய புத்தகக் கடையில், கிழிந்த நிலப்படங்களுக்கு நடுவே கட்டுக்காரி அந்தப் படத்தைப் பார்த்தாள். அவளுக்கு ஓவியம் பற்றி ஒன்றும் தெரியாது. ஒரு பெண். கண் மூடியிருக்கிறது. தலை ஒரு பக்கமாகச் சாய்ந்திருக்கிறது. பின்னால் நிலா. கீழே ‘நிலவைக் கேட்பவள்’ என்று எழுதி, ஓரத்தில் பென்சிலால் அறுபதில் மூன்று என்று போட்டிருந்தது.

கட்டுக்காரி குந்தி உட்கார்ந்து காகிதத்தைக் கிட்டே கொண்டுவந்தாள். இடது கன்ன எலும்பு ஒரு விரல் அளவுக்கு உள்ளே இறங்கியிருந்தது. அதைச் சுற்றி வீக்கம். கண்ணுக்குக் கீழே தோல் பிளந்து காய்ந்த ஒரு கோடு. மூன்றாவது நாள் வீக்கம் அது. முதல் நாள் இப்படி மேலே நிற்காது, ஐந்தாவது நாள் கீழே இறங்கிவிடும். தலையைச் சாய்த்திருந்ததும் நிலாவைக் கேட்பதற்காக அல்ல. வாசலில் செருப்புச் சத்தம் கேட்கிறதா என்று கேட்கிற சாய்ப்பு அது. அக்கா கடைசி ஒரு வருஷம் தலையை அப்படித்தான் வைத்துக்கொண்டிருந்தாள்.

வழுக்கி விழுந்தாள் என்று எழுதாத ஒரே காகிதம் உலகத்தில் அதுதான் என்று கட்டுக்காரிக்குத் தோன்றியது. வாங்கிக்கொண்டு வந்துவிட்டாள்.

அதோடு அவளுக்கு அந்தப் பித்துப் பிடித்தது. கடைகடையாக ஏறி இறங்கி அதே ஓவியரின் படங்களில் இன்னும் நான்கு சேர்த்தாள். காகிதத்தை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்க்கவும், பசைநாடா ஒட்டாமல் இருக்கவும், இரண்டு படத்துக்கு நடுவே மெல்லிய தாள் வைக்கவும் கற்றுக்கொண்டாள். விடுமுறை நாளில் கதவைச் சாத்திக்கொண்டு பிரித்துப் பார்ப்பாள். அவள் புருஷன் மின்வாரியத்தில் லைன்மேன். அவன் எட்டிப்பார்த்து, "எல்லாப் பயலும் கண்ண மூடிட்டிருக்கான். வீட்டுல யாராச்சும் ஒருத்தர் முழிச்சிருக்கணும்ல. சரி, நான் இருக்கேன்," என்பான்.

சனியன் தையல்காரர் ரூபத்தில் வந்தது. ஒரு திங்கட்கிழமை வலது கையில் நான்கு விரல்கள் ஒடிந்து கட்டறைக்கு வந்தார்.

"எப்படி ஆச்சு?" கட்டுக்காரி பேனாவைத் திறந்துகொண்டு கேட்டாள்.

"படத்த ஆராய வந்தாங்கம்மா. மன்றத்துலேருந்து. மென்கை அணின்னு ஒண்ணு வெச்சிருக்காங்க."

"படத்த ஆராய்ஞ்சா விரல் எப்படிண்ணே ஒடியும்?"

"நான் விடல. ஒவ்வொரு விரலாப் பிரிச்சாங்க. ஆனா ரொம்ப மரியாதையான பசங்க. ஒவ்வொரு விரலுக்கும் மன்னிச்சுக்கங்கன்னு சொல்லிட்டுத்தான் ஒடிச்சாங்க. வெள்ளைக் கையுறை வேற. அதுல ஒரு குறை சொல்ல முடியாது."

"படம்?"

"சனிக்கிழமை உளியால குத்திட்டாங்களாம். கடுதாசி வந்துச்சு. செத்த வீட்டுக்கு எழுதுற மாதிரி அழகா எழுதியிருந்தாங்க." தையல்காரர் மூக்கை இடது தோளில் துடைத்துக்கொண்டார். "நிலவக் கேக்குறவ. அறுபதுல அஞ்சாவது."

கட்டுக்காரியின் கையில் இருந்த துணிச்சுருள் தண்ணீருக்குள் நழுவியது. பதிவேட்டில் ‘ஓவிய ஆராய்ச்சியில்’ என்று எழுதினாள். அந்தப் பதிவேட்டில் முதன்முறையாக ஓர் உண்மை ஏறியது.

அன்று சாயங்காலம் லைன்மேன் சொன்னான், "பரண் மேல ஒளிச்சு வை. எவன் வந்து ஏறிப் பாக்கப்போறான்?"

"வருவானுங்க. பழைய புத்தகக் கடைக்காரன் என் பேரச் சொல்லிடுவான். நானே கொண்டுபோய்க் காட்டிச் சான்றிதழ் வாங்கிட்டா அப்புறம் ஒரு பய தொட முடியாது."

"போலின்னு சொல்லிட்டா?"

"படிச்சவங்க. கண்ணால பாத்தா தெரியாதா?"

 படித்தவர்களின் வீட்டில் மின்கம்பி பிடுங்கப் போன அனுபவம் லைன்மேனுக்கு நிறைய உண்டு.

அடுத்த மாதம் முதல் சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு, இரண்டு அட்டைகளுக்கு நடுவே படத்தை வைத்துக் கட்டிக்கொண்டு மன்றத்துக்குப் போனாள். வாசலில் ஒரு படிவம் கொடுத்தார்கள். பெயர், முகவரி எல்லாம் முடிந்து பதினோராவது கேள்வி: ‘இந்த ஓவியத்தை வைத்திருக்கும் தகுதி உமக்கு உண்டு என்பதை நூறு சொற்களில் நிறுவுக.’ கட்டுக்காரி யோசித்து, ‘என்னிடம் இருக்கிறது’ என்று எழுதினாள். செயலர் அதை வாங்கி எண்ணிப் பார்த்து, தொண்ணூற்று எட்டு சொற்கள் குறைகிறதே என்றார். குறிப்பெடுப்பதும் விதிப்புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு நடப்பதும் அவர் வேலை. அந்தக் கட்டடத்தில் கைத்தடி இல்லாமல் நடக்கிற ஒரே ஆள் அவர்தான்.

ஆய்வறையில் நீள்மேசையின் இரண்டு பக்கமும் அறிஞர்கள் உட்கார்ந்திருந்தார்கள். மேசைக்குக் குறுக்கே, ஆள் உயரத்துக்கு ஒரு கம்பிவலை. எதற்கு என்று கேட்டதற்கு, அறிவார்ந்த கருத்து வேறுபாட்டுக்கு என்றார் செயலர். ‘நிலவைக் கேட்பவள்’ கன்னத்தில் தெரியும் கருமை நிலவின் ஒளி என்பவர்கள் ஒரு பக்கம். நிலவின் நிழல் என்பவர்கள் மறு பக்கம். இருபது வருஷமாக வழக்கு நடக்கிறது. ஒளிக்காரர்களில் ஒருவருக்கு ஒரு காது இல்லை. நிழல்காரர்களில் இருவருக்கு முன்பல் இல்லை.

தலைவர் வந்தார். பட்டுச் சால்வை, பால்போல் வெளுத்த தலை, குழந்தைக்குச் சோறூட்டுகிற குரல். படத்தை வாங்கி ஈரக்காற்று படாமல் மூச்சை அடக்கிக்கொண்டு பார்த்தார். மேசை மேல் வைத்தார். அறிஞர்கள் வலையில் மூக்கு பதிய எட்டிப் பார்த்தார்கள்.

"ஒளி," என்றார் காதில்லாதவர்.

"குருட்டுப் பயலே, நிழல்," என்றது எதிர்ப்பக்கம்.

வலைக்கு மேலாக ஒரு பித்தளைப் பேப்பர்வெயிட் பறந்து வந்து காதில்லாதவரின் தோளில் இறங்கியது. பதிலுக்கு ஒரு மைக்கூடு போனது. பிறகு நாற்காலி. ஒரு நிழல்காரர் வலை மேல் ஏறி, அந்தப் பக்கம் குதித்து, எழுபது வயதுக்காரர் ஒருவரின் தலைமயிரைப் பிடித்து மேசையில் நான்கு முறை மோதினார். ஒவ்வொரு மோதலுக்கும் ஓர் ஆய்வுக்கட்டுரையின் பெயரைச் சொன்னார். செயலர் எல்லாவற்றையும் குறித்துக்கொண்டார். தலைவர் படத்தின் மேல் மை தெறிக்காமல் சால்வையை விரித்துப் பிடித்துக்கொண்டு, மலர்ந்த முகத்தோடு, "எங்கள் மன்றத்தில் சிந்தனை உயிரோடு இருக்கிறது, பார்த்தீர்களா அம்மா," என்றார்.

கட்டுக்காரிக்குக் கை சும்மா இருக்கவில்லை. காதில்லாதவர் பக்கத்தில் போய்த் தொட்டுப் பார்த்தாள். "காறை எலும்பு போயிடுச்சு சார். அசையாதீங்க." ஜன்னல் திரையைக் கிழித்து முதுகுக்குப் பின்னால் எட்டு மாதிரி இழுத்துக் கட்டினாள். கட்டிக்கொண்டே சொன்னாள், "இது ஒளியும் இல்ல, நிழலும் இல்ல. அந்தப் பொண்ணுக்குக் கன்ன எலும்பு ஒடைஞ்சிருக்கு. அடிச்சு மூணு நாள் ஆவுது."

தூக்கிய நாற்காலிகள் தூக்கியபடி நின்றன. இருபது வருஷத்தில் முதன்முறையாக இரண்டு பக்கமும் ஒரே பக்கம் பார்த்தன.

"யார் அடித்தது?" என்றார் தலைவர் மெதுவாக.

"படத்துல அது இல்ல சார். அடி மட்டும்தான் இருக்கு."

தலைவர் சால்வையைச் சரிசெய்துகொண்டார். அவருக்கு உரை வருகிறது என்று தெரிந்து செயலர் புதுப்பக்கம் திருப்பினார்.

"அம்மா, மன்றம் சான்று வழங்கிய பிரதிகள் இருபதிலிருந்து அறுபது வரை. அவற்றில் ஒன்று ஓய்வுபெற்ற நீதிபதி ஒருவரின் படுக்கையறையில் இருக்கிறது. ஒன்று பல் மருத்துவர் வீட்டில். இன்னொன்று என் கட்டிலுக்கு எதிரே. தினமும் அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டே தூங்கிப்போகிறேன். எங்கள் எல்லோருக்கும் அவள் நிம்மதி தருகிறாள். அடிபட்டவள் நிம்மதி தருவாளா? மாட்டாள். அவள் நிம்மதி தருகிறாள். ஆகவே அவள் அடிபடவில்லை."

நாற்காலிகளைக் கீழே வைத்துவிட்டு எல்லோரும் கைதட்டினார்கள். காறை உடைந்தவர் ஒரு கையால் தொடையில் தட்டிக்கொண்டார்.

"கல் தேயும், அம்மா. அச்செடுக்க எடுக்கக் கோடுகள் மங்கும். முதல் பத்தொன்பது பிரதிகளில் எல்லாம் துலக்கமாகத் தெரிகிறது என்று சிலர் சொல்கிறார்கள். உண்மைதான். அதுதான் குற்றம். துலக்கம் ஆசானின் நோக்கம் அல்ல. மங்கல்தான் ஆசான். எது தெளிவாகத் தெரிகிறதோ அது போலி. இந்த விதிப்படி பதினெட்டுப் போலிகளை விடுவித்துவிட்டோம். மூன்றாம் எண் ஒன்றுதான் பாக்கி இருந்தது. நீங்களே கொண்டுவந்து கொடுத்தீர்கள். மன்றம் உங்களை மறக்காது."

கட்டுக்காரிக்கு அப்போதுதான் முழுசாக உறைத்தது. இது போனால் அந்தக் கன்னம் உலகத்தில் எங்கேயும் இருக்காது. மங்கிப்போன நாற்பத்தொரு பெண்கள் நாற்பத்தொரு படுக்கையறைகளில் நிலாவைக் கேட்டுக்கொண்டிருப்பார்கள்.

படத்தைப் பிடுங்கிக்கொண்டு ஓடினாள். கதவுவரைதான் முடிந்தது. வெள்ளைக் கையுறைகள் அவளைப் பூ மாதிரித் தூக்கின. மன்னிக்கணும் அம்மா என்று ஒரு கையுறை அவள் வயிற்றில் குத்தியது. பொறுத்துக்கணும் அம்மா என்று இன்னொன்று முழங்காலுக்குப் பின்னால் உதைத்தது. படத்தில் ஒரு சுருக்கம் விழவில்லை. மணி பத்து அடிக்க இரண்டு நிமிடம் இருந்தபோது நடுக்கூடத்துப் பலகைக்கு முன்னால் முழங்காலில் உட்காரவைத்தார்கள்.

விடுவித்தலின்போது சொந்தக்காரர் படத்தின் இரண்டு ஓரத்தையும் தன் கையால் பிடித்திருக்க வேண்டும் என்பது விதி. அதற்கு உவந்தளித்தல் என்று பெயர். கட்டுக்காரி இரண்டு ஓரத்தையும் பிடித்தாள். மௌனம் முடிந்தது. உளியர் வந்தார். ஓய்வுபெற நாலு மாதம் இருக்கிற சாதுவான மனிதர். உளியை நிறுத்தக் குனிந்தபோது அவள் வலது கையை நகர்த்தி, உள்ளங்கையால் அந்த முகத்தை மூடினாள்.

"கைய எடும்மா. குறி தப்பிடும்."

"எடுக்கமாட்டேன்."

"எனக்கு இன்னும் மூணு பாக்கி இருக்கும்மா இன்னைக்கு."

"அப்ப அடிங்க."

உளியர் செயலரைப் பார்த்தார். செயலர் விதிப்புத்தகத்தைப் புரட்டினார். முன்னாலிருந்து பின்னால், பின்னாலிருந்து முன்னால். "கையப் பத்தி ஒண்ணும் போடல," என்றார். "போடாததுனால தடையும் இல்ல."

சுத்தியல் இறங்கியது.

உளி நடுவிரலுக்கும் மோதிரவிரலுக்கும் நடுவே புறங்கையில் புகுந்து நின்றது. கட்டுக்காரி கத்தவில்லை. பல்லைக் கடித்த சத்தம் மட்டும் கூடத்தின் கடைசி வரிசைவரை கேட்டது. அடுத்தது வாய்க்கு. ரத்த ஈரத்தில் உளி வழுக்கி, சுத்தியல் நேராக மணிக்கட்டில் விழுந்தது. உள்ளே எலும்பு இரண்டாவதை அவள் சத்தத்தை வைத்தே எண்ணிக்கொண்டாள். ரத்தம் விரலிடுக்கு வழியாக இறங்கிக் காகிதத்தில் பரவியது. நிலா சிவந்தது. பெண்ணின் தோளும் கழுத்தும் சிவந்தன. உள்ளங்கைக்குக் கீழே கன்னம் மட்டும் அப்படியே இருந்தது.

"நிறுத்துங்கள்," என்றார் தலைவர்.

ஒரு கணம் கூட்டத்தில் சிலர், அவருக்கு இரக்கம் வந்துவிட்டதோ என்று பயந்தார்கள். தலைவர் பலகைக்கு அருகே வந்து அவள் மணிக்கட்டை இரண்டு விரலால் தூக்கி ஓரமாக வைத்தார்.

"சிவப்பு," என்றார். "ஆசான் தன் வாழ்நாளில் ஒருமுறைகூடச் சிவப்பைத் தொடவில்லை."

"அப்ப இது ஆசானோடது இல்லையா ஐயா?" என்று கேட்டார் செயலர்.

"மடையா. தொட நினைத்து, துணிவில்லாமல் விட்டுப்போனார். இது அவர் விட்டுப்போன இடம். அறுபதில் ஒன்றல்ல. ஒன்றில் ஒன்று. உலகத்தில் ஒரே பிரதி."

ஐந்து நிமிடத்தில் சான்றிதழ் தயார். அசல், மிக அரிது என்று முத்திரை குத்தினார்கள். ரத்தம் மன்ற வளாகத்துக்குள் விழுந்ததால், வளாகத்தில் விழுந்தவை அனைத்தும் மன்றத்துக்கே என்ற விதிப்படி படம் மன்றத்துக்கு. சான்றிதழின் நகல் ஒன்றைக் கட்டுக்காரியின் நல்ல கையில் கொடுத்தார்கள். ஒடிந்த கைக்கு மென்கை அணியிலிருந்து ஒருவன் தன் கையுறையைக் கழற்றிச் சுற்றிவிட்டு, திருப்பித் தரவேண்டாம் என்றான்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் தையல் போட்டு எலும்பைச் சேர்த்த பிறகு, கட்டு போட ஆள் இல்லை. ஆள் அவள்தான். லைன்மேன் வேலைச்சீருடையோடு ஓடிவந்து வாளி முன்னால் உட்கார்ந்தான். அவள் சொல்லச் சொல்ல அவன் சுற்றினான்.

"அமுக்கிப் பிழியாத. சும்மா தூக்கு, தண்ணி தானா வடியும். காயத்துக்கு மேல மருந்து வைக்க ஜன்னல் விடு."

"கம்பத்துல ஏறி ஷாக் அடிச்சு விழுந்த எனக்கே ஒரு கட்டு போட்டதில்ல. பொட்டலம் பிரிக்காத கணக்கா இருந்தேன். நீ படம் பாக்கப் போய் இப்படி வந்து நிக்கிற."

"பேசாம சுத்துயா."

"பன்னெண்டு சுத்து ஆச்சு. போதும்னு நீதான சொல்லுவ."

"இன்னும் எட்டு."

"எதுக்கு?"

அவள் அவனைப் பார்த்தாள்.  அவன் எட்டோடு இன்னும் இரண்டைச் சேர்த்துச் சுற்றினான்.

மூன்று வாரம் கழித்து ஞாயிற்றுக்கிழமை காலை படத்தைத் திறந்துவைத்தார்கள். கட்டுக்காரிக்கும் அழைப்பு வந்திருந்தது. ‘வண்ண உதவி’ என்ற வரிசையில் தச்சர், பூக்காரர் ஆகியோருக்கு நடுவே இடம். லைன்மேன் இடுப்புப் பட்டையோடு பின்னால் நின்றுகொண்டான். மின்வாரியச் சீருடையைப் பார்த்து யாரும் கேள்வி கேட்கவில்லை. எந்தக் கூட்டத்திலும் கேட்கமாட்டார்கள்.

படம் மேடைத் தூணில், தொடமுடியாத உயரத்தில், தங்கச் சட்டத்துக்குள் தொங்கியது. கீழே பலகையில், கல்லச்சு, மை, செந்நிறம் என்று எழுதியிருந்தது. முன்வரிசையில் நீதிபதி, பல் டாக்டர், தோளில் தூக்குக்கட்டோடு காதில்லாதவர். தலைவர் பேச எழுந்தார்.

"நண்பர்களே, இந்தச் சிவப்பைப் பார்த்துச் சிலர் ரத்தம் என்பார்கள். அவர்களுக்குப் பொருள்தான் தெரியும், பொருளுக்கு அப்பால் தெரியாது. ரத்தம் என்பது உடம்புக்குள் இருக்கும்வரைதான் ரத்தம். சரியான காகிதத்தில் சரியான ஆட்கள் முன்னிலையில் விழுந்தால் அது விடியல். வலி என்பார்கள். வலி யாருக்கு? இங்கே இருக்கும் யாருக்காவது வலிக்கிறதா? நானூறு பேர் இருக்கிறோம். ஒருவருக்கும் வலிக்கவில்லை. அவளும் கண்மூடி அமைதியாக..."

கட்டுக்காரி மேடைப்படி ஏறினாள். ஏதோ மாலை போட வருகிறாள் என்று தலைவர் குனிந்து கழுத்தைக் கொடுத்தார். அவள் இடுப்பைத் திருப்பி, இருபத்திரண்டு சுற்று மாவுக்கட்டை முழுசாக வீசினாள்.

ஒலிபெருக்கி வழியாக அந்தச் சத்தம் நான்கு மூலையிலும் கேட்டது. காய்ந்த மட்டையை முழங்காலில் வைத்து ஒடித்த மாதிரி. தலைவர் பக்கவாட்டில் போய், பூச்சட்டியை உடைத்துக்கொண்டு விழுந்தார். கட்டுக்காரி குனிந்து தாடையை லேசாகத் திருப்பிப் பார்த்தாள்.

"இடது கன்ன எலும்பு," என்று ஒலிபெருக்கியில் சொன்னாள். "கண்ணுக்குக் கீழ தோலும் பிளந்திருக்கு. மூணாவது நாள் வந்து பாருங்க. அச்சு அசலா அந்தப் பொண்ணு மாதிரி இருக்கும்." கட்டுக் கையால் படத்தைக் காட்டினாள்.

நானூறு தலைகள் மேலே பார்த்தன. கீழே பார்த்தன. மறுபடி மேலே பார்த்தன.

வெள்ளைக் கையுறைகள் மேடையைச் சூழ்ந்தன. நீதிபதி எழுந்தார். "பிடிங்க அவள. எல்லார் முன்னாலயும் அடிச்சிருக்கா."

"ஐயா," செயலர் பேனாவோடு குனிந்தார். "அடின்னு எழுதிக்கவா?"

"எழுதுய்யா."

"அடிச்சதுனால கன்னம் இப்படி ஆச்சுன்னு எழுதிக்கவா?"

"ஆமாய்யா, அதுல என்ன..." நீதிபதி வாயை மூடினார். தலைவரின் கன்னத்தைப் பார்த்தார். படத்தைப் பார்த்தார். அவர் வீட்டுப் படுக்கையறையில், சான்றிதழோடு, இருபத்திரண்டாம் எண் பிரதி இருக்கிறது. பக்கத்தில் இருந்த பல் டாக்டரின் காதில், "கோர்ட்டுக்குப் போனா இவ ரெண்டு கன்னத்தையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுக் காட்டுவாளேப்பா," என்றார்.

"அப்ப நாப்பத்தோரு சான்றிதழும்?"

"அதான் சொல்றேன்."

பல் டாக்டர் தொண்டையைச் செருமினார். எலும்பு பற்றி அந்தக் கூடத்தில் படித்த ஆள் அவர்தான். எல்லோரும் அவரைப் பார்த்தார்கள். "என் பார்வையில்," என்றார், "தலைவர் முகத்தில் ஒரு நிழல் தெரிகிறது."

"ஒளி," என்றார் காதில்லாதவர், தூக்குக்கட்டிலிருந்து கையை உருவிக்கொண்டு.

தலைவர் தரையில் கிடந்தபடி ஏதோ சொல்ல முயன்றார். தாடை கேட்கவில்லை. ரத்தத்தோடு ஒரு பல் வந்தது. கருத்துக் கேட்டதில் ஒளி என்று பெரும்பான்மை முடிவாயிற்று. தலைவரும் கையைத் தூக்கினார். உதவிக்குத் தூக்கினாரோ வாக்குக்குத் தூக்கினாரோ, செயலர் வாக்கில் சேர்த்துக்கொண்டார்.

நிலவொளியைக் கைது செய்ய விதி இல்லாததால் மென்கை அணிக்கு அதற்குமேல் வேலை இருக்கவில்லை. கைகளைத் தொங்கவிட்டுக்கொண்டு நின்றார்கள். லைன்மேன் தூணைச் சுற்றி இடுப்புப் பட்டையை மாட்டி, கம்பத்தில் ஏறுகிற மாதிரி நிதானமாக ஏறினான். குறடால் ஆணியைப் பிடுங்கி, சட்டத்தைத் திறந்து, படத்தை மட்டும் எடுத்து, கையோடு கொண்டுவந்திருந்த அட்டைகளுக்கு நடுவே வைத்துக்கொண்டு இறங்கினான். சட்டத்தைத் திரும்ப மாட்டியும் வைத்தான். பொதுச்சொத்தைச் சேதப்படுத்தாதவன்.

வாசலில் காவல்காரர் மறித்தார். "உள்ளேருந்து பொருள் வெளிய போனா சீட்டு வேணுமே தாயி."

"உள்ள எதுவும் நடக்கலண்ணே. வேணும்னா கேட்டுப் பாருங்க."

காவல்காரர் உள்ளே எட்டி, என்ன சார் நடந்துச்சு என்று கேட்டார். எதுவும் நடக்கவில்லை என்று செயலரின் குரல் வந்தது. காவல்காரர் கதவைத் திறந்துவிட்டார். அவர்கள் பேருந்து நிறுத்தத்துக்கு நடந்தார்கள். படம் கட்டுக்காரியின் நல்ல கையில் இருந்தது.

அன்றைய கூட்டத்தின் நடவடிக்கைக் குறிப்பு மன்றத்தின் ஆண்டு மலரில் வெளியாகியிருக்கிறது. யார் வேண்டுமானாலும் படிக்கலாம். ‘திறப்பு விழா இனிதே நடந்தேறியது. தலைவரின் உரைக்கு நடுவே அவரது முகத்தில் நிலவொளி பட்டது. அதன் வலிமை தாளாது தலைவர் சற்றுச் சாய்ந்தார். அவை எழுந்து நின்று கைதட்டியது.’

அப்போது காலை பதினொரு மணி.